கதை வகுப்பும் பொன்னாடையும்



‘பேரா மாநிலத் தமிழ் எழுத்தும் இலக்கிய நிகழ்ச்சிகளும்’ என்று அறக்கட்டளைக் குழுவினர் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு தலைப்புக் கிடைத்தால் சங்கங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, தலைவர்களைப் பாராட்டி, மறைந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தி முடித்துவிடலாம். யாருக்கும் மனவருத்தம் இருக்காது. சிற்றுண்டிக்கும் நேரத்தோடு போகலாம். ஆனால் என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது, அதை இந்தச் சபையில் வைக்கத்தான் வந்தேன். மலேசியாவில் தமிழில் கதை எழுதியவர்கள் அதை எங்கே கற்றார்கள்? அவர்கள் எழுதியதை வாசித்துவிட்டு, ‘இந்த இடத்தில் கதை சரிந்துவிட்டது’ என்று சொன்னவர் யார்? அப்படிச் சொல்ல ஓர் இடம் இன்று ஈப்போவில் இருக்கிறதா?

பழைய செய்தி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1929 டிசம்பரில் இதே ஈப்போவில் அகில மலாயாத் தமிழர் மாநாடு நடந்தது. மனைவி நாகம்மையாருடன் பினாங்கில் கப்பலிறங்கிய பெரியார் அந்த மாநாட்டுக்கு வந்தார். சீர்திருத்தம் பேசப்பட்டது, சாதி பேசப்பட்டது. மலாயாத் தமிழன் தன்னைத்தானே ஒரு சமூகமாகப் பார்த்துக்கொண்ட பெரிய கூட்டங்களில் அது ஒன்று. அந்த மாநாட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நம் பொதுவாழ்வு மேடையில் பிறந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. பேசுகிறவர் மேலே, கேட்கிறவர்கள் கீழே. கேட்டவர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். இலக்கியக் கூட்டம் என்ற பெயரில் நாம் பின்னாளில் நடத்தியவற்றில் பெரும்பாலானவை இந்த அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டன. தமிழகத்துப் பேச்சாளர் ஒருவர் படம் இல்லாமல் அழைப்பிதழ் அடிக்க இன்றும் நமக்குத் தயக்கம். வந்தவர் நன்றாகவே பேசுகிறார். நம்மவர் எழுதிய கதையைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறாரா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மேடைக்கு வெளியே வேறொரு வழக்கம் தோட்டங்களில் இருந்தது. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து இந்த மாநிலத்தின் ரப்பர்க் கதை தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் தோட்டங்களாயின. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணி வழி ஆள் சேர்ப்பது 1938 வரை நடந்தது. விடியுமுன் வருகை எடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, வெயில் ஏறுமுன் பால்மரம் சீவி, மங்குகளிலிருந்து பாலெடுத்து, தோள் கம்பில் தொங்கும் காண்டா வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் பிற்பகல் வந்துவிடும். பால் நன்றாக வடிவது குளிர்ச்சியில்தான் என்பதால் வேலை நேரத்தை மரமே முடிவு செய்தது. அதனால் பாலுக்குப் போகிறவர்களுக்குப் பிற்பகலும் அந்தியும் கொஞ்சம் மிஞ்சின. அந்த அந்தி நேரத்தில்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் எழுத்துத் தெரிந்த ஒருவர் அல்லி அரசாணி மாலையோ நல்லதங்காள் கதையோ ராகம் போட்டு வாசிப்பார். தோட்டத்து எழுத்தரான கிராணியின் வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ வந்த நாளிதழை இன்னொருவர் உரக்கப் படிப்பார். ஒரு தாள் இருபது பேருக்குப் போதும். கேட்டவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், இடையில் குறுக்கிடுவார்கள், சண்டை போடுவார்கள். நம் வாசிப்பு இப்படித்தான் கூட்டாகத் தொடங்கியது.

பள்ளிக்கூடம் வந்த வழியும் இதோடு சேர்ந்ததுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்துக்குக் கட்டளையிட்டது. குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில சமயம் கிராணியே ஆசிரியர். துரைமார்களுக்குக் கல்வியின் மேல் காதல் ஒன்றும் இல்லை; ஆள் தங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. எப்படியோ, அந்த அறைகளிலிருந்துதான் பிற்காலத்து எழுத்தாளரும் வாசகரும் வந்தார்கள். இன்று மலேசியாவிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் பேராவில்தான் இருக்கின்றன, 134 பள்ளிகள். பிறகு இந்த எண்ணுக்குத் திரும்பி வருகிறேன்.

இனி நான் சற்று நேரம் தங்க விரும்பும் காலத்துக்கு வருகிறேன்.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் அடுத்திருந்த இன்னொரு தோட்டத்திலுமாக, மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருசில நாளில் நாடு முழுவதும் அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கங்கள் நொறுங்கின. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. ஊரடங்கு வந்தது. நாலு பேர் கூடிப் பேசினால் என்ன பேசினீர்கள் என்ற கேள்வி வரும். எழுத்துக்கு இதைவிட மோசமான காலம் இருக்க முடியாது என்று தோன்றும்.

ஆனால் சரியாக அந்தக் காலத்தில்தான், 1950 - 51இல், கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கியது. நடத்தியவர்கள் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற இருவர். சிறுகதை என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, எதை விடுவது என்று பத்திரிகைப் பக்கத்திலேயே பாடம். படித்தவர்கள் பயிற்சிக் கதை எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். வந்தவை பரிசீலிக்கப்பட்டன, எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்லப்பட்டது. கூட்டம் போட முடியாத நாளில் கூட்டமே போடாமல் நடந்த எழுத்தாளர் குழு என்று இதைச் சொல்லலாம். வேலிக்குள் இருந்தவனுக்கும் தபால் வரும். ஊரடங்கு நேரத்திலும் பென்சில் பிடிக்கலாம். அவசரகாலத்தின் நெருக்கடிதான் இந்த வகுப்புக்கு அவ்வளவு வரவேற்பைத் தேடித் தந்தது என்பது என் ஊகம்.

வகுப்பு வழியே வந்தவர்களில் ஒருவர் மா. இராமையா. ஜொகூர்க்காரர். பின்னாளில் சிறுகதையும் நாவலும் எழுதியதோடு, மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றையும் எழுதினார். எழுதக் கற்றவர் எழுத்தின் வரலாற்றை எழுதும் அளவுக்கு வளர்ந்தார் என்றால் அந்த வகுப்பு என்ன செய்தது என்பதை நாமே புரிந்துகொள்ளலாம். அதற்கு முன்பும் இங்கே எழுத்து இருந்தது. முதல் நாவலாகக் கொள்ளப்படும் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917இல் வந்துவிட்டது. ஆனால் இந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள், ஊரில் கற்றுக்கொண்ட எழுத்தை இங்கே தொடர்ந்தார்கள். தோட்டத்தில் பிறந்தவன் கதையெழுதலாம், அதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைக் கற்கலாம் என்று சொன்னது கதை வகுப்புத்தான்.

அடுத்து வந்தவர் கு. அழகிரிசாமி. இடைசெவலிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கோலாலம்பூர். ஐம்பதுகளில் ஐந்தாண்டுக் காலம் ‘தமிழ் நேச’னில் பணியாற்றி 1957இல் தாயகம் திரும்பினார். இங்கே இருந்தபோது ‘இலக்கிய வட்டம்’ நடத்தினார். எழுத ஆசைப்பட்டவர்கள் வருவார்கள். எழுதியதை வைத்துப் பேசுவார்கள். அழகிரிசாமியோ அப்போதே தமிழின் முதல்தரச் சிறுகதைக்காரர். அவர் முன்னால் கதையை வைப்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு நம் இளைஞர்களுக்கு இருந்தது. அதை நான் பெரிதாக நினைக்கிறேன். வெளியூர் எழுத்தாளர் ஒருவர் இங்கே வந்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவர் வைத்துப்போன முன்மாதிரி அது. நாம் அந்த முன்மாதிரியை விட்டுவிட்டோம். மூன்று ஊர், நான்கு மேடை, ஒரு கோவில் தரிசனம் என்ற பயணத் திட்டத்தைப் பிடித்துக்கொண்டோம்.

சிங்கப்பூரிலிருந்து கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ இன்னொரு வழியில் வேலை செய்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அது ஆரம்பித்த ‘மாணவர் மணிமன்றம்’ பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தது. அதிலிருந்து தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் கிளம்பி ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் பரவின. பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், நாடகம், தமிழர் திருநாள். இவற்றின் சமூகப் பணி பெரிது. எழுத்துப் பயிற்சி என்று பார்த்தால் பேச்சுக்கே பங்கு அதிகம், மறுபடியும் மேடை.

எழுபதுகளில் முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த ‘தமிழ் நேசன்’ சிறுகதைகளுக்குப் பவுன் பரிசு கொடுத்தது. தோட்டத்துச் சம்பளக்காரனுக்கு ஒரு பவுன் என்பது சின்ன விஷயம் இல்லை. நிறையப் பேர் எழுதினார்கள். 1977இல் ஆதி. குமணனின் ‘வானம்பாடி’ வார இதழ் வந்து புதுக்கவிதைக்குக் கதவைத் திறந்தது. இலங்கை மலையகத்திலும் இதே போலப் பத்திரிகைதான் தூண்டுகோல்: வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் முன்னின்று மலையக எழுத்தாளர்களுக்காக நடத்திய சிறுகதைப் போட்டிகளின் அறுவடை 1971இல் ‘கதைக் கனிகள்’ என்று நூலானது. தேயிலைக் காட்டிலும் பால்மரக் காட்டிலும் எழுத்துக்கு முதல் வீடு செய்தித்தாள். பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். இரவு எட்டு மணிக்கு டவுன் மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் பாலுக்குப் போகும் பெண் எப்படி வருவாள்? தபால்பெட்டிக்கும் வானொலிக்கும் அவள் எழுத முடிந்தது. ந. மகேஸ்வரி, பாவை, நிர்மலா ராகவன் என்று பெண் எழுத்தாளர் வரிசை ஒன்று இந்த நாட்டில் எழுந்ததற்குச் சங்கங்களைவிடப் பத்திரிகைகளுக்கே அதிகம் நன்றி சொல்வேன்.

ஆனால் போட்டிக்கும் வகுப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. போட்டியில் தோற்றவனுக்கு ஏன் தோற்றோம் என்று தெரியாது. வகுப்பில் தெரியும். போட்டிகள் பெருகப் பெருக, நடுவருக்குப் பிடித்தமாதிரி எழுதும் பழக்கமும் பெருகியது. கள்ளுக்கடையால் அழிந்த குடும்பம், கல்வியால் உயர்ந்த மகன், கடைசியில் ஓர் அறிவுரை. நம் போட்டிக் கதைகளில் பாதி இந்த அச்சில் வார்த்தவை என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அந்த அச்சை உடைக்கச் சொல்லும் ஆள் கூட இல்லை என்பதுதான் குறை.

தோட்டங்களே இல்லாமல் போனது அடுத்த அதிர்ச்சி. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நூறு வெள்ளியானால் ஒரு பங்கு, நாமே தோட்டம் வாங்குவோம் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சுங்கை சிப்புட்டில் 1954இல் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்ததிலும் அவர் குடும்பத்தின் பங்கு உண்டு. இலக்கியச் சபையில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்காலத்தில் அதே கூட்டுறவுச் சங்கம் சிறுகதை, கவிதை, கட்டுரைப் போட்டிகளை நடத்தியது. அதன் தலைவராக இருந்த டான்ஸ்ரீ சோமா பெயரில் இலக்கிய அறவாரியமும் அரங்கமும் வந்தன. தோட்டத் தொழிலாளியின் பத்து வெள்ளியிலிருந்துதான் அந்தப் பரிசுப் பணம் வந்தது. அரசாங்கத்திலிருந்து வராதது அது. இந்த நாட்டில் தேசிய இலக்கியம் என்றால் மலாய்மொழியில் எழுதியது மட்டும்; தமிழில் எழுதினால் அது ஒரு பிரிவினரின் இலக்கியம் என்ற கணக்கில் போகும். 1981இலிருந்து வழங்கப்படும் தேசிய இலக்கியவாதி விருதின் வாசல் தமிழ் எழுத்தாளனுக்குத் திறக்கவில்லை. ஆகவே நம் பணத்தில் நம் இலக்கியம் என்பது பெருமைக்காக எடுத்த முடிவில்லை, வேறு வழி இல்லாததால் வந்தது.

கூட்டுறவுச் சங்கம் காப்பாற்றியது சில தோட்டங்களை. மற்றவை செம்பனையாகின, வீடமைப்புத் திட்டங்களாகின, கோல்ஃப் திடல்களாகின. செம்பனைக்குப் பால்மரம் அளவுக்கு ஆள் தேவையில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக டவுனுக்கு வந்தார்கள். ஈப்போவில் புந்தோங், சிலிபின், குனோங் ராப்பாட் பக்கம் நிறைந்தது. லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டிலிருந்த வாசகர்கள் அடுக்குமாடியின் வெவ்வேறு மாடிகளில் சிதறினார்கள். பால்மரம் கொடுத்த பிற்பகல் போய், தொழிற்சாலையின் ஷிஃப்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஓய்வு என்ற நிலையும் போனது. தோட்டம் மறைந்த பிறகும் எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி போலப் பள்ளிகளின் பெயரில் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. 1924இல் தொடங்கிய பத்திரிகை. கதை வகுப்பு நடந்த பக்கமும் அதோடு போயிற்று.

இப்போது நம்மிடம் மிஞ்சியிருப்பது நூல் வெளியீட்டு விழா.

இதைக் கேலி செய்வது எளிது. குத்துவிளக்கு, தமிழ்வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, மாலை, முதல் நூலைப் பெற ஒரு தொழிலதிபர், அவர் உறையில் கொடுக்கும் தொகை, பிறகு வரிசையில் நின்று நூல் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும். நூலைப் பற்றிப் பேச ஒதுக்கியது கால் மணி நேரம். பேசுகிறவர் எழுத்தாளரின் குணநலன்களைச் சொல்லி முடித்துவிடுவார். ஆனால் கேலி செய்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. இந்த நாட்டில் தமிழ் நூலுக்கு விநியோகம் கிடையாது. கடைகள் மிகச் சில, அவற்றிலும் தமிழகத்துப் புத்தகங்களும் பள்ளிப் பயிற்சி நூல்களும்தான் முன்வரிசை. எழுத்தாளர் தன் சேமிப்பில் அச்சிடுகிறார். அச்சுக் கூலி திரும்பி வரும் ஒரே நாள் வெளியீட்டு நாள். கல்யாண வீட்டு மொய் போல அது. இன்று நீ என் புத்தகத்தை வாங்கினாய், நாளை உன் விழாவுக்கு நான் வருவேன். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பேராவில் தமிழ் நூலே வராது. ஆகவே அது வேண்டும்.

ஆனால் மொய் வைத்த வீட்டில் சமையலைக் குறை சொல்ல முடியாது. அங்கேதான் சிக்கல். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள், வாங்குகிறவர்களும் அவர்களே. ஒரே மாவட்டம், ஒரே சங்கம், ஒரே திருமண மண்டபம். உங்கள் கவிதையில் உயிர் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? எனவே யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே முப்பது ஆண்டுகள் போய்விட்டன.

விமர்சனம் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கெடாவில் பிறந்து பினாங்கில் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசு சக எழுத்தாளர்களின் படைப்புகளை எடுத்துவைத்து நல்லதையும் குறையையும் சொன்னார். ‘விமர்சன முகம்’ என்று நூலும் எழுதினார். ந. பாலபாஸ்கரன் மலேசியச் சிறுகதையைக் காய்தல் உவத்தலின்றி ஆராய்ந்தார். 2007 தொடங்கி ‘வல்லினம்’ இதழைச் சுற்றிக் கூடியவர்கள் நயத்தக்க நாகரிகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு முகத்துக்கு நேரே பேசினார்கள். எனக்கு அவர்களின் தொனியோடு எப்போதும் உடன்பாடு இல்லை. ஆனால் கதையைக் கதையாக வாசித்தார்கள். கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் இலக்கிய முகாம்கள் நடந்திருக்கின்றன. கவனியுங்கள், எல்லாம் கெடா. ‘வல்லினம்’ குழுவைச் சேர்ந்த ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடைசெய்தது. 2019இல் வந்த அந்த நாவலின் கொச்சைச் சொற்களை எதிர்த்துக் குரல் எழுந்த பிறகு வந்த தடை அது. நாவல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஒரு நாவலைப் பத்துப் பேர் முழுதாக வாசித்து, வட்டமாக உட்கார்ந்து அடித்துப் பேசித் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உயிரோடு இருந்திருந்தால், அந்தச் சச்சரவு அமைச்சின் மேசைக்குப் போயிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த 134 பள்ளிகளுக்கு வருகிறேன். தமிழ் படித்த பிள்ளைகளை ஆண்டுதோறும் அனுப்பும் பள்ளிகள் இவை. ஆசிரியர் கல்விக் கழகம் ஈப்போவில் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், அங்கே தமிழில் பட்டப்படிப்பு. பயிற்சி ஆசிரியர்கள், பட்டதாரிகள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் என்று வாசிக்கத் தெரிந்தவர் கூட்டம் நம்மைச் சுற்றியே இருக்கிறது.  இருந்தும் புந்தோங்கிலிருக்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒரு கதை எழுதினால், அதை வாசித்துப் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுக்க ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டால் கைகூப்பும் படம் ஒன்று வரும், ‘அருமை’ என்று ஒரு சொல் வரும். அதற்குமேல் வராது.

அறக்கட்டளைக் குழுவினரிடம் என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்துகிறீர்கள். எனக்கு மாலை போட்டீர்கள், பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அடுத்த ஆண்டிலிருந்து இந்தச் செலவில் பாதியை எடுத்து மாதம் ஒருமுறை ஒரு கதை வகுப்பு நடத்துங்கள். மண்டபம் வேண்டாம், ஒரு பள்ளி வகுப்பறை போதும். ஷிஃப்டு வேலைக்காரருக்காக ஒரு மாதம் காலையிலும் அடுத்த மாதம் மாலையிலும் வையுங்கள். பெண்கள் இரவுக்குள் வீடு சேரும்படி முடியுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கதை ஒரு வாரம் முன்பே எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். வாசிக்காமல் வருகிறவர் பேசக்கூடாது. எழுதியவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். தலைமை தாங்க யாரும் வேண்டாம். தமிழகத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ எழுத்தாளர் யாராவது வந்தால் மேடையில் ஏற்றாமல் அந்த வகுப்பறைக்குக் கூட்டிவந்து, நம் கதைகளில் மூன்றை முன்கூட்டியே அனுப்பி, அதைப் பற்றி மட்டும் பேசச் சொல்லுங்கள். நூல் வெளியீடுகள் வழக்கம்போல நடக்கட்டும், நானும் வந்து வாங்குவேன்.

தைப்பிங்கிலும் சித்தியவானிலும் தெலுக் இந்தானிலும் இருந்து வர முடியாதவர்கள் தபாலில் அனுப்பட்டும், கைப்பேசியில் அனுப்பட்டும். 1950இல் தபாலில்தான் அனுப்பினார்கள். முதல் வகுப்புக்கு வரும் கதைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையை நான் ஊதியமில்லாமல் ஏற்கிறேன். இங்கே அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களில் விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.